லிஸ்பனில் ஒரு சோனகத் தெரு

கடந்த மார்கழி விடுமுறையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் லிஸ்பன் நகரிலிருந்து சில படங்கள் அனுப்பியிருந்தார். பாரிஸில் உணவுச்சாலையொன்றில் வேலை செய்பவர். நத்தார் லீவில் நான்கு நாள் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார். மேட்டில் ஏறும் மஞ்சள் ட்ராம் வண்டி, ஆற்றங்கரைச் சதுக்கம், குன்றின் மேலே கோட்டை மதில். கூடவே ஒரு கேள்வி: "இங்க பனி இல்ல சேர், மழைதான். நம்ம நாட்டிலிருந்து அந்தக் காலத்தில யாரும் இங்க வந்திருக்காங்களா?"

குறிஞ்சிப்பிட்டியில் சரித்திரம் படிப்பிக்கும் எனக்கு இப்படியொரு கேள்வி வந்ததில்லை. 1344இல் புத்தளத்தில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தாளியான இப்னு பதூதா, பின்னர் போர்த்துக்கேயர், 1667இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர் என்று வந்தவர்களையே நாம் படிப்பிக்கிறோம். போனவர்கள் பாடப் புத்தகத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரியைத்தான் அவருக்கு விரித்து எழுதினேன். இக்கட்டுரை அதிலிருந்து வந்தது.

1521இல் கோட்டை மன்னன் விஜயபாகு கொல்லப்பட, அவனுடைய மூன்று மைந்தர்கள் இராச்சியத்தைப் பங்கிட்டுக்கொண்டனர். கோட்டையில் புவனேகபாகு, சீதாவக்கையில் மாயாதுன்னை. தம்பி மாயாதுன்னை கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் துணையை நாடினான். சாமூதிரியின் கப்பற்படையை நடத்தியோர் மரக்கார்மார். அண்ணன் போர்த்துக்கேயரிடம் போனான். 1538இல் நமக்கு எதிர்க்கரையிலுள்ள வேதாளையில் பட்டு மரக்காரின் படை முறியடிக்கப்பட்டதோடு தராசு அண்ணன் பக்கம் சாய்ந்தது. ஆனால் புவனேகபாகுவுக்குப் பட்டத்துக்குரிய மகன் இல்லை. மகள் வயிற்றுப் பேரன் தர்மபால கைக்குழந்தை. தனக்குப் பின் தம்பி விட்டுவைக்கமாட்டான் என்ற பயத்தில் மன்னன் செய்த காரியம் விசித்திரமானது. குழந்தைக்குப் பொன்னால் ஓர் உருவம் செய்து, அதற்கு முடிசூட்டித் தருமாறு போர்த்துக்கல் அரசன் மூன்றாம் ஜோவானிடம் தூதனுப்பினான். தூதுக்குழுவின் தலைவர் ஸ்ரீ ராமரக்ஷ பண்டிதர் என்ற பிராமணர்.

அவர்கள் 1542இல் லிஸ்பன் சேர்ந்தனர். மாரி காலத்தை அங்கே கழித்தது அவர்களுடைய விருப்பமல்ல, காற்றின் ஏற்பாடு. வாடைக் காற்றை நம்பிக் கொச்சியிலிருந்து மார்கழி, தை மாதங்களில் கப்பல் புறப்படும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி லிஸ்பனை அடைய ஆனி, ஆடி ஆகிவிடும். திரும்பும் கப்பல்கள் சோளகக் காற்றைப் பிடிப்பதற்காக மறு வருஷம் பங்குனி, சித்திரையில்தான் பாய் விரிக்கும். வாடையும் சோளகமும் பார்த்து வாடி மாற்றும் நமது கரையோர மீனவருக்கு இக்கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை. அண்ணளவாக எட்டு மாதம் அந்தப் பிராமணர் அட்லாந்திக் மழையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

வேறு என்ன பார்த்தார்? ஆற்றங்கரையில் ரிபெய்ரா அரண்மனையும் அதையொட்டி இந்திய வர்த்தக மாளிகையும் இருந்தன. இலங்கைக் கறுவா அங்கேதான் இறங்கியது. என் மாணவர் படம் பிடித்த சதுக்கம் அந்த அரண்மனை இருந்த இடமே. 1755 நவம்பர் 1இல் பூமியதிர்ச்சியும் கடற்பெருக்கும் அரண்மனையை அழித்துவிட்டன. தூதுவர் பயணக் குறிப்பு எதுவும் விட்டுச்செல்லவில்லை. எஞ்சியிருப்பது ஜெர்மனியின் மியூனிக் அரண்மனைக் கருவூலத்திலுள்ள ஒரு யானைத்தந்தப் பேழை. ஜோவான் அரசன் இளவரசனுக்கு முடிசூட்டும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. செதுக்கியவர் இலங்கைக் கலைஞர். சடங்கு நடக்குமுன்பே செதுக்கி அனுப்பியதென்பார் சிலர், பிறகு செய்ததென்பார் வேறு சிலர். எப்படியாயினும் லிஸ்பனைப் பற்றி நம்மவர் வைத்த முதற் சித்திரம் கற்பனையில் பிறந்தது என்றே நான் கருதுகிறேன்.

அக்கோட்டைக் குன்றின் அடியில் மௌராரியா என்றொரு பகுதி உண்டு. 1147இல் கிறிஸ்தவப் படைகள் கைப்பற்றும்வரை அந்நகர் அல்உஷ்பூனா எனப்பட்ட முஸ்லிம் நகரம். தோற்றபின் அங்கேயே தங்கிய முஸ்லிம்கள் மதிலுக்கு வெளியே அக்குன்றடியில் வாழ விடப்பட்டனர். முந்நூறு வருடங்களுக்கு மேல் வாழ்ந்தனர். 1496 மார்கழியில் மனுவேல் மன்னன் யூதரையும் முஸ்லிம்களையும் வெளியேறக் கட்டளையிட்டான். கோட்டைத் தூதுவர் அவ்வழியே நடந்திருந்தால், முஸ்லிம்கள் இல்லாத முஸ்லிம் தெருவைத்தான் கண்டிருப்பார்.

மௌரோ என்பது அவர்களுக்குப் போர்த்துக்கேயர் வைத்த பெயர். அதே பெயரைக் கப்பலில் ஏற்றிவந்து கொழும்பிலும் நமது கரையிலும் கண்ட முஸ்லிம்களுக்கும் சூட்டினர். ஆங்கிலேயர் அதை 'மூர்' ஆக்கிக் குடிசன மதிப்பில் எழுதினர். நாம் தமிழில் சோனகர் என்றோம். ஆகவே மௌராரியாவைத் தமிழில் எழுதினால் சோனகத் தெரு.

தூது வென்றது. 1543இல் தர்மபால வாரிசாக ஏற்கப்பட்டான். அதே ஆண்டு பிரான்சிஸ்கன் குருமார் இலங்கைக்கு வந்தனர். 1551இல் களனியில் புவனேகபாகு போர்த்துக்கேயச் சிப்பாய் ஒருவனின் வெடிபட்டு இறந்தான். தற்செயலா, சதியா என்ற வாதம் இன்றுமுண்டு. 1557இல் ஞானஸ்நானம் பெற்ற பேரன், 1580இல் இராச்சியத்தையே போர்த்துக்கல் முடிக்கு உறுதியெழுதினான். 1597இல் அவன் இறக்க அந்த உறுதி பலித்தது. 1626இல் அதே முடியின் பெயரால் முஸ்லிம்கள் போர்த்துக்கேயர் ஆண்ட பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கண்டி மன்னன் செனரத் அவர்களில் பெருந்தொகையினரை மட்டக்களப்பில் குடியேற்றினான்.

இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். மறுநாள் மாணவர் மௌராரியாவுக்கே போய்த் தெருப் பெயர்ப்பலகையைப் படம் பிடித்து அனுப்பினார். பக்கத்திலே வங்காளதேச முஸ்லிம்களின் மளிகைக் கடைகள் இருப்பதாகவும் ஒன்றில் தேநீர் குடித்ததாகவும் எழுதியிருந்தார்.

அவருடைய உம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்து வெளியேற்றிய குடும்பங்களில் ஒன்று. மகன் பிறந்தது இங்கே, முகாமில். அன்று பின்னேரம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டி, கதையைச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியை நெடுநேரம் பார்த்திருந்தார்.

"அந்தக் கடைக்காரங்க, விரட்டப்பட்ட சனத்துட பிள்ளைகளா மாஸ்டர்?" என்று கேட்டார்.

"இல்ல தாத்தா, இவங்க வேற ஆக்கள். தொழிலுக்கு வந்தவங்க."

"அப்ப அவங்க யாருமே திரும்பி வரல்லியா?" என்றார்.