வாளியில் ஏறிவந்த குளிர்

துணை வெப்பமண்டலக் கடலின் ஆழம் எவ்வளவு குளிர்ந்தது என்று முதன்முதலில் அளந்து பதிவுசெய்தவர் ஒரு அடிமைக் கப்பலின் தலைவர். கடலியல் வரலாற்றில் எதைப் படிக்கப் போனாலும் நான் இந்த இடத்தில் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

கப்பலின் பெயர் ஏர்ல் ஆஃப் ஹாலிஃபாக்ஸ், தலைவர் ஹென்றி எல்லிஸ். ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கி, அட்லாண்டிக்கைக் கடந்து விற்பது அந்தக் கப்பலின் தொழில். ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், இயற்கை ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர், வடிவமைத்த ஒரு வாளி எல்லிஸிடம் இருந்தது. இறங்கும்போது நீர் அதன் ஊடாகப் போகும். மேலே இழுத்தால் கதவுகள் மூடிக்கொள்ளும். உள்ளே ஒரு வெப்பமானி. அவ்வளவுதான் கருவி.

வட அட்லாண்டிக்கில், ஏறக்குறைய 25 பாகை அட்சரேகையில், எல்லிஸ் அதைக் கயிறு கட்டி இறக்கினார். மேலே காற்று 84 பாரன்ஹீட். ஆழம் கூடக்கூட நீர் குளிர்ந்துகொண்டே போய் 3,900 அடியில் 53 பாரன்ஹீட் ஆனது. 1751இல் ஹேல்ஸுக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்த நீர் குளிக்கவும் ஒயினைக் குளிர வைக்கவும் ரொம்ப வசதியாக இருந்தது என்கிறார். அதே கப்பலின் கீழ்த்தளம் எதற்காக இருந்தது என்பது நமக்குத் தெரியும்.

சரி, அடியில் குளிர்ந்திருந்தால் என்ன? யோசித்துப் பாருங்கள். ஆண்டு முழுக்க வெயில் காயும் கடல் அது. வெப்பம் மெல்ல மெல்லக் கீழே கசிந்து, என்றோ ஆழமும் சூடாகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் குளிர்ந்த நீர் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது. 1790களின் இறுதியில் ரம்ஃபோர்ட் பிரபு இதற்கு விடை சொன்னார்: துருவப் பகுதிகளில் குளிர்ந்து கனத்த நீர் மூழ்கி, அடியோட்டமாக நிலநடுக்கோட்டை நோக்கி வருகிறது. அதை ஈடுகட்ட மேலே வெதுவெதுப்பான நீர் துருவம் நோக்கிப் போகிறது.

மூழ்குவதற்குக் குளிர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். 1961இல் ஹென்றி ஸ்டொமெல் இரண்டு பெட்டிகளை வைத்து ஓர் எளிய கணக்குப் போட்டார். வெப்பமும் உப்பும் ஒன்றையொன்று இழுக்கும் இந்த அமைப்புக்கு ஒன்றல்ல, இரண்டு நிலைகள் சாத்தியம் என்று வந்தது. நன்னீர் அளவுக்கு மீறிக் கலந்தால் ஓட்டம் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடலாம். பிறகு நன்னீரைக் குறைத்தாலும் உடனே திரும்பிவிடாது. இன்று கிரீன்லாந்தின் பனி உருகி அந்தக் கடலில்தான் கலக்கிறது.

2004 முதல் பஹாமாஸுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே கருவிகளை நங்கூரமிட்டு இந்த ஓட்டத்தைத் தொடர்ந்து அளக்கிறார்கள். இடம் 26.5 பாகை வடக்கு, கிட்டத்தட்ட எல்லிஸ் வாளி இறக்கிய அதே அட்சரேகை. சராசரியாக நொடிக்கு சுமார் 1.7 கோடி கனமீட்டர் நீர். இந்த நூற்றாண்டில் இது பலவீனமாவது பெரும்பாலும் உறுதி என்கிறது ஐபிசிசியின் 2021 அறிக்கை. 2100க்குள் திடீரென நின்றுவிடாது என்பதில் அதற்கு நடுத்தர நம்பிக்கைதான்.

இந்தச் செய்தி வரும்போதெல்லாம் ஐரோப்பா உறைந்துபோகுமா என்றுதான் பேச்சு தொடங்குகிறது. எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. வடக்கே போகும் வெப்பம் குறைந்தால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகரும். மேற்கு ஆப்பிரிக்காவின் சாஹேலில் மழை குறையும். அங்கே கம்பும் சோளமும் விதைப்பவர்கள் மழையை நம்பித்தான் விதைக்கிறார்கள். வளிமண்டலத்தில் சேர்ந்த கரியமில வாயுவில் அவர்கள் பங்கு மிகச் சொற்பம்.

எல்லிஸ் பின்னாளில் ஜார்ஜியாவின் ஆளுநரானார். அவர் கப்பல் ஆட்களை ஏற்றப் போன அதே மேற்கு ஆப்பிரிக்காவில்தான் இன்று இந்தக் கணக்கின் பாக்கியும் வந்து நிற்கிறது.