பூண்டி நீர்த்தேக்கமும் ஒரு நாடகக் கலைஞரும்

திருவள்ளூரை அடுத்த பூண்டியில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே அமைந்த நீர்த்தேக்கத்திற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். தீரர் சத்தியமூர்த்தி என்றவுடன் அவருடைய நாவன்மையே நம் நினைவுக்கு வருகிறது. அவர் வேடம் புனைந்து நடித்தவர் என்பதைப் பலர் அறியார்.

சுகுண விலாச சபையின் நாடகங்களில் அவர் நடித்தார். கூத்தாடிகள் என்று இகழப்பட்டோரைத் தேசிய மேடைக்கு அழைத்து வந்தார்; கே. பி. சுந்தராம்பாள் காங்கிரசுக்காகப் பாடியது அவர் தூண்டுதலால்தான். அவர் வழக்கறிஞர், வணிகரல்லர். எனினும் தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை அவரைத் தலைவராக ஏற்றது.

1939இல் அவர் சென்னை மேயரானார். அந்நாளில் நகரம் பெரிதும் புழல் ஏரியையே நம்பியிருந்தது. மழை பொய்த்தால் குடிநீருக்குத் தவிப்புத்தான். போர் மூண்டிருந்த வேளையிலும் பூண்டித் திட்டத்திற்கு ஆங்கில அரசின் இசைவைப் பெற்றார். 1940 ஆகஸ்டு 8இல் ஆளுநர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். அன்னிய ஆட்சியைச் சாடியே பெயர் பெற்றவர் அவ்வாட்சியின் ஆளுநரோடு நின்றது முரணன்றோ எனச் சிலர் கேட்கக்கூடும். தாகத்திற்கு முன் அதனை நாம் முரணாகக் கொள்ளவில்லை.

ஆனால், இக்கணக்கில் விட்டுப்போகும் ஊர் ஒன்றுண்டு. சுந்தரர் பாடிய திருவெண்பாக்கம் இந்நீரில் மூழ்கியது. அவ்வூர்ச் சிவன் கோயிலைப் பெயர்த்துப் பூண்டியில் அமைத்தனர். ஊரை அவ்வாறு பெயர்த்து வைக்க இயலுமோ?

1942இல் சத்தியமூர்த்தி மீண்டும் சிறை சென்றார். உடல் நலிந்து 1943 மார்ச் 28இல் மறைந்தார். நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது 1944 ஜூன் 14இல்.