மஜ்ஜைக்குப் போகும் தூது



1889-ஆம் ஆண்டில் வியோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் பெரு நாட்டிற்குச் சென்றார். 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், மொரோகோச்சா என்னும் சுரங்க ஊரில் தங்கித் தம் இரத்தத்தையே சோதித்தார். ஒரு கன மில்லிமீட்டரில் 50 லட்சமாக இருந்த சிவப்பணுக்கள் ஏறக்குறைய மூன்று வாரங்களில் 80 லட்சம் ஆகிவிட்டன. காற்று அருகிய இடத்தில், கிடைக்கும் பிராணவாயுவைச் சுமக்க உடல் கூடுதலாகச் சுமைகாரரைப் படைத்துக்கொள்கிறது.

அணுக்கள் பிறப்பது எலும்பு மஜ்ஜையில். காற்றுக் குறைவை அதற்கு அறிவிப்பவர் யார்? நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், மஜ்ஜை தானே உணர்ந்துகொள்ளும் என்று வகுப்பில் துணிந்து கூறிவிட்டேன். "எலும்புக்குள் அடைபட்டுக் கிடப்பதற்கு எப்படித் தெரியும், ஐயா?" என்றான் ஒரு பையன். விடையின்றி நின்றேன். 1893-இல் மீஷர் என்ற பேரறிஞரும் என்னைப் போலவே எண்ணியிருந்தார் என்பதைப் பின்னர்ப் படித்து, சற்றே ஆறுதல் அடைந்தேன்!

பாரிஸ் நகரில் கார்னோ என்பவரும் தெஃப்லாந்தர் என்ற அம்மையாரும் 1906-இல் வேறு விடை கூறினர். இரத்தம் எடுக்கப்பட்ட முயலின் சீரத்தை மற்றொரு முயலுக்குச் செலுத்தினர். அதன் சிவப்பணுக்கள் பெருகின என்றனர். இரத்தத்தின் வழியே ஏதோ ஒரு தூதுப்பொருள் செல்கிறது என்பது அவர்கள் கொள்கை. பிறர் செய்து பார்த்தபோது பெரும்பாலும் பலிக்கவில்லை. அப்பொருள் இரத்தத்தில் அணுவளவே உண்டு. சிறிதளவு சீரத்தில் அது புலப்படுமா? நாற்பதாண்டுக் காலம் அக்கொள்கை ஐயத்திற்கு உரியதாகவே கிடந்தது.

1950-இல் ரைஸ்மன் இரண்டு எலிகளை உடலோடு உடல் இணைத்துத் தைத்தார். ஒன்று மட்டும் பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசித்தது. மற்றதற்கு நல்ல காற்று. ஆயினும் இரண்டின் மஜ்ஜையும் சுறுசுறுப்படைந்தது. தூது உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? 1953-இல் எர்ஸ்லெவ், இரத்தம் எடுக்கப்பட்ட முயல்களின் பிளாஸ்மாவை மிகுதியாகச் செலுத்தி அதை உறுதிப்படுத்தினார். தூது புறப்படுமிடம் சிறுநீரகம் என்பதை 1957-இல் சிகாகோவில் ஜேக்கப்சன் குழுவினர் கண்டனர். என் மாணவன் கேட்டதற்கு விடை அதுதான். அவனிடம் அதைச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.

எரித்ரோபொயட்டின் எனப் பெயர் பெற்ற அப்பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுக்க, சோகை நோயாளிகளின் சிறுநீர் 2,550 லிட்டர் ஜப்பானில் சேகரிக்கப்பட்டது. 1977-இல் கோல்ட்வாசர் குழுவினருக்குக் கிடைத்தவை சில மில்லிகிராமே. பின்னர் அதன் ஜீனைக் கண்டறிந்து, ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களைக் கொண்டே அதை உண்டாக்கினர். 1989-இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. சிறுநீரகம் பழுதுற்று, தூது அனுப்ப வழியின்றி, பிறர் இரத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றிக்கொண்டு வாழ்ந்த நோயாளிகளுக்கே முதலில் அது வழங்கப்பட்டது.