பலெர்மோவும் கம்பனிப் பதிவேடும்



எங்கள் ஆட்கள் இந்த நகரத்தில் ஒரு கடையோ சிறு கம்பனியோ தொடங்கினால், அவர்களின் பெயர் ஏறுவது வயா எமெரிகோ அமாரியில் உள்ள வணிகச் சபையின் பதிவேட்டில். இப்படியான பதிவேடுகளை நடத்தும் அதிகாரிகள் நாடு நாடாக வருடாந்த மாநாடு கூடுகிறார்கள் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். பேர் எழுதுகிற வேலையில் கூடிப் பேச என்ன இருக்கிறது? விடை பலெர்மோவின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

நீதவான் ஜொவான்னி ஃபல்கோனே 1978இல் பலெர்மோவுக்கு வந்தபோது முதலில் பணியாற்றியது வங்குரோத்து வழக்குப் பிரிவில். ஐந்தொகையும் கணக்குப் புத்தகமும் வாசிக்க அங்கே பழகினார். பின்னர் மாஃபியா வழக்குகளில் அவர் பின்தொடர்ந்தது பணத்தை: காசோலைகள், வங்கிக் கணக்குகள், கம்பனிகள். அது லேசான வேலை அல்ல. வணிகப் பதிவேடு ஒன்று வேண்டும் என்று 1942ஆம் ஆண்டுச் சிவில் சட்டக்கோவை சொல்லியிருந்தும், 1993ஆம் ஆண்டின் 580ஆம் இலக்கச் சட்டம் வந்து, 1996இல்தான் அது இயங்கத் தொடங்கியது. அதுவரை கம்பனிப் பத்திரங்கள் நீதிமன்றப் பதிவகத்தில் கிடந்தன. பணம் எல்லை தாண்டினால் இன்னொரு நாடு, இன்னொரு பதிவேடு.

1992 ஏப்ரலில் ஃபல்கோனே வியன்னாவில் ஐ.நா. குற்றத்தடுப்பு ஆணைக்குழுவின் முதல் அமர்வில் கலந்துகொண்டு, நாடுகளின் கூட்டுமுயற்சியை வலியுறுத்தினார். அடுத்த மாதம் 23ஆம் திகதி கப்பாச்சியில் மனைவியோடும் மூன்று மெய்க்காவலரோடும் கொல்லப்பட்டார்.

எட்டு வருடம் கழித்து, 2000 டிசம்பர் 12 முதல் 15 வரை, உலக நாடுகள் பலெர்மோவிலேயே கூடி, நாடுகடந்த ஒழுங்கமைக்கப்பட்ட குற்றங்களுக்கு எதிரான சமவாயத்தில் கையொப்பமிட்டன. இலங்கையும் அதில் ஒன்று. 2006இல் அதை உறுதிப்படுத்தியது. அதன் 31ஆம் உறுப்புரையைப் பலர் கவனிப்பதில்லை. கம்பனியைத் தொடங்குவோர், நடத்துவோர், பணம் போடுவோர் யார் என்று பொதுப் பதிவேடு வைக்கவும், அந்தத் தகவலைப் பிற நாடுகளோடு பரிமாறவும் அது பரிந்துரைக்கிறது.

பரிமாறுவதென்றால் பதிவாளர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும். வட அமெரிக்காவில் வணிக நிர்வாகிகளின் சர்வதேசச் சங்கம், ஐரோப்பாவில் வணிகப் பதிவகங்களின் சங்கம், உலகளவில் கம்பனிப் பதிவாளர் மன்றம் என்பன கூட்டும் மாநாடுகளுக்குப் பயன் இதுதான். ஒரே ஆள் இரண்டு நாட்டில் இரண்டு எழுத்துக்கூட்டலில் இருந்தால் எப்படிப் பிடிப்பது? இலத்திரனியல் கையொப்பத்தை எப்படி நம்புவது? ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிவேடுகள் 2017 ஜூனில் ஒரே வலையமைப்பில் இணைந்தன. ஆனால் உண்மையான உரிமையாளரின் விபரத்தை எல்லாருக்கும் திறந்துவைப்பது தனிமனித உரிமையை மீறுகிறது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

இதில் எங்களுக்கு என்ன? எங்கள் சமூகத்தில் சொந்தக்காரர் கேட்டால் மறுக்கமாட்டோம். "சும்மா ஒரு கையெழுத்துத்தான், பேர் மட்டும் போடு" என்பார்கள். இத்தாலியர் இதற்குப் 'பிரெஸ்தானோமே' என்கிறார்கள். நாங்கள் பினாமி என்கிறோம். நிர்வாகி என்று பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ, வரி அலுவலகமும் நீதிமன்றமும் முதலில் தேடி வருவது அவரைத்தான். கடையில் ஒரு நாளும் நில்லாத பிள்ளையாக இருந்தாலும் அதுதான் நிலைமை.

கையெழுத்துப் போடுமுன் அந்தக் கம்பனியின் பதிவு விபரத்தை வணிகச் சபையில் கேட்டு எடுங்கள். கட்டணம் சிறிது, யாரும் எடுக்கலாம். அதை வாசித்து விளங்கிய பிறகு பேனாவைத் தொடுங்கள்.