வட துருவ ஒளியைப் படம் பிடிக்க ஜொகூரில் ஒத்திகை

நார்வே, ஐஸ்லாந்து, பின்லாந்து பக்கம் போய் 'அரோரா' எனப்படும் வட துருவ ஒளியைப் பார்த்துவர வேண்டும் என்ற ஆசை இப்போது நம்மவர்கள் பலருக்கும் உண்டு. பல ஆண்டுகள் பணம் சேர்த்துப் போகும் பயணம் அது. ஆனால், சில இரவுகளில் அந்த ஒளி சில நிமிடங்களே தெரிந்து மறைந்துவிடும். அந்த நேரத்தில் கேமராவை இருட்டில் தடவிக்கொண்டிருந்தால் மங்கலான படம்தான் மிஞ்சும். இரவு வானத்தைப் படம் எடுக்கும் பழக்கத்தை ஜொகூரிலேயே கற்றுக்கொண்டு போவது நல்லது.

ஜொகூரில் ஏன் தெரிவதில்லை?

சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களை நோக்கித் திருப்பிவிடுகிறது. அவை காற்றில் மோதும்போது ஒளி பிறக்கிறது. 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் பச்சையாகவும், 200 கிலோமீட்டருக்கு மேல் சிவப்பாகவும் ஒளிரும். நைட்ரஜன் நீலம், ஊதா நிறங்களைத் தரும். இது பெரும்பாலும் காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாகவே தோன்றும். நார்வேயின் திரோம்சோ நகரம் அந்த வளையத்தின் கீழ் இருக்கிறது.

ஜொகூரோ பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ளது. காந்த நடுக்கோடும் இதற்குச் சற்று வடக்கில்தான் செல்கிறது. தமிழ்நாட்டில் அதே கோடு திருநெல்வேலி அருகே செல்வதால், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் அங்கே ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. இந்தப் பகுதிகளில் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகக் கிடப்பதால், அவற்றின் வழியே துகள்கள் கீழே இறங்க முடியாது.

2024 மே 10, 11 தேதிகளில் இருபது ஆண்டுகளில் காணாத சூரியப் புயல் வீசியது. அப்போது லடாக்கின் ஹன்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள இந்திய வானியல் ஆய்வகத்தின் கேமராக்களில் சிவப்பு ஒளி பதிவானது. அத்தகைய மங்கலான ஒளியைக் கண்ணைவிடக் கேமராவே தெளிவாகக் காட்டும்; நீண்ட நேரம் ஒளியைச் சேர்ப்பதுதான் காரணம்.

கேமராவை அமைக்கும் முறை

• உறுதியான முக்காலி வேண்டும். அதன் மேல் வைத்தபின் 'ஸ்டெபிலைசர்' வசதியை அணைத்துவிட வேண்டும்.

• 'மேனுவல்' முறையில் எஃப் 2.8 போன்ற அகன்ற துளையும் ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200 வரையும் வைக்கலாம்.

• அரோரா வேகமாக ஆடினால் 2 முதல் 5 விநாடி, மெதுவாக நகர்ந்தால் 10 முதல் 15 விநாடி திறந்துவைத்தால் போதும். அதிக நேரம் விட்டால் ஒளித்திரையின் மடிப்புகள் கரைந்துவிடும்.

• இருட்டில் தானியங்கி ஃபோகஸ் தடுமாறும். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகும்வரை கையால் திருப்ப வேண்டும்.

• 'ரா' கோப்பாக எடுத்தால் நிறத்தைப் பிறகு சரிசெய்யலாம். 2 விநாடி 'டைமர்' வைத்தால் கை அதிர்வு படத்தில் விழாது.

• கைப்பேசியில் இரவு முறை இருந்தால், முக்காலியில் வைத்து அதிலும் எடுக்கலாம்.

எங்கே, எப்போது பழகுவது?

அரோராவுக்குப் பதில் இங்கே பால் வீதி இருக்கிறது. இரண்டும் மங்கலானவை, பழக வேண்டியவையும் ஏறக்குறைய ஒன்றே. பால் வீதிக்கு ஐ.எஸ்.ஓ. 3200, 15 முதல் 20 விநாடி என்று தொடங்கலாம்.

பால் வீதியின் அடர்ந்த நடுப்பகுதி தனுசு, விருச்சிக ராசிகளின் பக்கம் இருக்கிறது. ஏப்ரலில் நள்ளிரவுக்குப் பின் தென்கிழக்கில் எழும். ஜூலை நடுவில் இரவு 11 மணி வாக்கில் தெற்கே உயர்ந்து நிற்கும். அமாவாசையை ஒட்டிய இரவுகளே ஏற்றவை.

ஒரு சிக்கல் உண்டு. ஜொகூர் பாரு, சிங்கப்பூர் விளக்குகளின் வெளிச்சம் குளுவாங், கோத்தா திங்கி பகுதிகளிலிருந்து பார்க்கும்போது தெற்கு வானத்தையே வெளுக்கச் செய்கிறது. பால் வீதியும் அந்தப் பக்கம்தான். ஆகவே மெர்சிங் கடற்கரை, தஞ்சோங் லெமான் போன்ற இடங்களில் கடலைப் பார்த்து தென்கிழக்கே திரும்புவது நல்லது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை என்பதால் அந்த மாதங்களைத் தவிர்க்கலாம்.

செம்பனைத் தோட்டத்துக்குள் போவதானால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கோத்தா திங்கி, குளுவாங், மெர்சிங் வட்டாரங்களில் காட்டு யானைகள் நடமாட்டம் உண்டு, பாம்புகளும் உண்டு. தனியாகப் போகாமல், வாகனத்தின் அருகிலேயே நிற்க வேண்டும்.

பனியும் புழுக்கமும்

குளிர்சாதனக் காரிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸில் நீர் படிவது இங்கே வழக்கம். புறப்படும்போதே கேமராவைக் காற்றுப் புகாத பையில் மூடி, வெளியே அரை மணி நேரம் வைத்தபின் திறந்தால் இது நேராது. குளிர்நாட்டில் இது தலைகீழாகும்: வெளியிலிருந்து சூடான அறைக்குள் வரும்போதுதான் நீர் படியும். அங்கே உள்ளே நுழையும் முன் பையை மூட வேண்டும். கடுங்குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும். கூடுதல் பேட்டரியைச் சட்டைக்குள் உடல் சூட்டில் வைத்துக்கொள்ளலாம்.

பயண நாளைத் தேர்ந்தெடுக்க

திரோம்சோவில் மே நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை சூரியன் மறைவதே இல்லை. எனவே அரோரா தெரியாது. செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் பருவம். ஒரே இரவை நம்பிப் போகாமல் நான்கைந்து இரவுகள் தங்கினால் மேகம் விலக வாய்ப்பு கூடும். அமெரிக்காவின் விண்வெளி வானிலை முன்கணிப்பு மையம் 0 முதல் 9 வரையிலான 'கே.பி.' எண்ணை வெளியிடுகிறது. எண் கூடக் கூட, அரோரா தெற்கே விரியும். ஆனால் திரோம்சோ வளையத்தின் கீழேயே இருப்பதால், அங்கே 2 அல்லது 3 கூடப் போதும். பெரிய எண்ணுக்காகக் காத்திருப்பதைவிட மேகமில்லாத இடம் தேடிப் போவதே பலன் தரும்.