இல்லத்து விளக்கும் வேதபுரி ஈசனும்



சைவ ஆகமங்கள் சிவபூசையை இரண்டாக வகுத்துக் கூறுகின்றன. ஒருவன் தன் ஆன்ம நலம் கருதித் தன் இல்லத்தில் செய்வது ஆன்மார்த்த பூசை. உயிர்கள் அனைத்தின் நலமும் கருதித் திருக்கோயிலில் செய்யப்பெறுவது பரார்த்த பூசை. “திருக்கோயில் அண்மையில் இருக்க, வீட்டில் வேறு பூசை எதற்கு?” என வினவுவார் உளர். இதற்கு நூல்களும் விடை தருகின்றன. நம் புதுச்சேரி நகரின் வரலாறும் விடை தருகின்றது.

நூல்களின் விடையை முதலில் காண்போம். திருக்கோயிலில் பூசை செய்யும் சிவாசாரியார், தம் ஆன்மார்த்த பூசையை முடித்த பின்னரே பரார்த்த பூசைக்குரியவர் ஆகிறார் என்பது விதி. 12ஆம் நூற்றாண்டில் அகோர சிவாசாரியார் அருளிய ‘கிரியாக்கிரமத்யோதிகை’ என்னும் பத்ததியும் நித்திய பூசையைக் கூறுமிடத்து ஆன்மார்த்த பூசையையே விரித்துரைக்கின்றது. ஆகவே, திருக்கோயிலின் காலைப் பூசை கருவறையில் தொடங்குவதன்று. சிவாசாரியாரின் இல்லத்தில் தொடங்குவது. இல்லம் வேர், ஆலயம் மரம்.

இனி வரலாற்றின் விடையைக் காண்போம். வேதபுரி எனப் போற்றப்பெறும் இந்நகரில் வேதபுரீசுவரர் திருக்கோயில் முன்னர் ஏசு சபைப் பாதிரிமாரின் சம்பாக் கோயிலை ஒட்டி விளங்கியது. அதனை அகற்ற வேண்டும் என்ற முயற்சி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்தது. நெசவாளர் முதலிய குடிமக்கள் ஊரைவிட்டே வெளியேறத் துணிந்தனர். அவர்களின்றிக் கும்பினியின் துணி வாணிகம் நடவாது. ஆதலின் ஆட்சியாளர் அம்முயற்சியைக் கைவிட்டனர்.

1748ஆம் ஆண்டு நிலைமை மாறியது. துய்ப்ளேக்சு கவர்னராக இருந்தார். ஆங்கிலத் தளபதி பாசுகவன் கடலிலும் கரையிலும் நகரை முற்றுகையிட்டிருந்தார். அம்முற்றுகைக்கு நடுவே, செப்டம்பர்த் திங்களில், படைவீரரின் காவலோடு ஆட்கள் வந்து திருக்கோயிலை இடிக்கத் தொடங்கினர். அந்நாளில் தலைமைத் துபாசியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் வைணவர், எனினும் ஈசன் கோயிலுக்கு நேர்ந்ததைத் தம் நாட்குறிப்பில் நெஞ்சு நொந்து எழுதியுள்ளார். தென்மதில் முதலில் வீழ்ந்தது. கோயிலார் ஓடிவந்து முறையிட்டனர். தடுக்க வழியில்லை எனக் கண்ட பிள்ளை, உற்சவ மூர்த்திகளையும் திருக்கோயிற் பொருள்களையும் காளத்தீசுவரர் திருக்கோயிலுக்குக் கொண்டு சேர்க்குமாறு கூறினார்.

அன்பர்களே, அன்று மாலை வேதபுரீசுவரர் சந்நிதியில் மணி ஒலிக்கவில்லை. ஆயின் இந்நகரின் சைவ இல்லங்களில் அந்திவிளக்கு ஏற்றாமல் விட்டிருப்பார்களா? திருநீறு அணியாமல் இருந்திருப்பார்களா? ஐந்தெழுத்தை மறந்திருப்பார்களா? கவர்னரின் ஆணை மதிலை இடிக்கலாம். வீட்டு மாடத்தை எட்டாது. அந்த ஆணையைப் பிறப்பித்த ஆட்சியின் கோட்டையோ 1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றிய பின் தகர்க்கப்பட்டது. வேதபுரீசுவரரோ பின்னாளில் மக்கள் திரட்டிய பொருளால் மீண்டும் திருக்கோயில் கொண்டார். இன்று தம் பெயரால் வழங்கும் ஈசுவரன் கோயில் வீதியில் திரிபுரசுந்தரி அம்மையோடு எழுந்தருளி அருள்புரிகிறார். அப்பொருளை ஈந்தவர் யாவர்? கோயில் இல்லாத காலத்திலும் ஈசனை இல்லத்தில் மறவாதிருந்த குடும்பத்தார் அல்லரோ!

யாழ்ப்பாணத்து வரலாறும் இதனையே உணர்த்தும். 1621இல் போர்த்துக்கீசர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். விரதம் இருந்தோர், உண்ட வாழையிலையைக் கண்டால் ஆட்சியாளர் தண்டிப்பர் என அஞ்சி, அதனைக் கூரை இறப்பில் மறைத்து வைத்தனர் என்பது அங்கு வழிவழியாகச் சொல்லப்பெறும் செய்தி. ஒல்லாந்தர் காலத்தில் நல்லூர்க் கோயில் மீண்டும் எழுந்தது. கூரையில் மறைந்திருந்த விரதமே அக்கோயிலுக்கு வித்தாயிற்று எனலாம்.

எனவே இல்லப் பூசை, கோயிலுக்குச் செல்ல இயலாதார்க்கு உரிய மாற்று வழியன்று. சிவதீக்கை பெற்றோர் ஆன்மா, இடம், திரவியம், மந்திரம், இலிங்கம் என்னும் ஐவகைச் சுத்தியும் செய்து, ஆசாரியர்பால் கேட்டவாறு பூசிப்பர். தீக்கை பெறாதவரும் வருந்த வேண்டுவதில்லை. நீராடித் திருநீறு தரித்து, இறைவன் திருவுருவத்தின் முன் விளக்கேற்றி, ஒரு செம்பு நீரும் ஒரு மலரும் வைத்து, திருமுறையில் ஒரு பதிகம் ஓதி, அன்று சமைத்ததை நிவேதித்துக் கற்பூர தீபம் காட்டினால் போதும். இதற்கு மிகுந்த நேரம் செல்லாது. பொருட்செலவும் மிகுதியில்லை. நாள் தவறாமை ஒன்றே இதில் அருமையானது.

இன்று நம் திருக்கோயில்களுக்கு இடிப்பார் பயமில்லை. குடமுழுக்குகள் சிறக்கின்றன, தேர்கள் ஓடுகின்றன, விழாக் கூட்டமும் பெருகுகின்றது. ஆயினும் தேர் பார்த்துத் திரும்பும் வீட்டில் விளக்கின்றி இருள் சூழ்ந்திருந்தால், மரம் பூத்திருக்க வேர் உலர்ந்தது போலாகும். அக்காலத்தில் நம் முன்னோர் கோயிலை இழந்தும் பூசையை இழந்திலர். கோயில் நிலைத்திருக்கும் இக்காலத்தில் பூசையை நாமே இழந்தோம் என்ற பழி வரலாகாது. நாளை விடியலில் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, அவர்கள் கையால் விளக்கை ஏற்றச் செய்யுங்கள். வேதபுரி ஈசன் திருவருள் துணை நிற்கும்.

திருச்சிற்றம்பலம்.