மகிழுந்துக்குள் வால்வும் டிரான்சிஸ்டரும்



சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவரின் கடைக்குச் சென்றிருந்தேன். மகிழுந்துகளுக்கு ஒலிக்கருவி பொருத்தித் தருவது அவர் தொழில். பேச்சு எப்படியோ பழைய வால்வு வானொலிகளின் பக்கம் திரும்பியது. வால்வின் ஓசைக்கு டிரான்சிஸ்டர் ஒருநாளும் ஈடாகாது என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. இரண்டு கருவிகளைத் துணியால் மூடினார், ஒலியளவைச் சமமாக்கினார், பத்து முறை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் “ஐயா, இப்ப சொல்லுங்க, எது வால்வு?” என்று கேட்டார். நான் சரியாகச் சொன்னது ஐந்து. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அதே மதிப்பெண்தான் கிடைத்திருக்கும். அந்தத் தோல்வியின் உறுத்தலால் வீடு திரும்பியதும் இதன் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

நல்லோசை தந்த வால்வை மலிவான டிரான்சிஸ்டர் விரட்டிவிட்டது என்பதுதான் நான் அதுவரை நம்பியிருந்த கதை. மகிழுந்தைப் பொறுத்தவரை அக்கதை தவறு. அங்கே வழக்கைத் தீர்த்து வைத்தது மின்கலமே.

தொடருமுன் ஒரு சொல் விளக்கம். ‘ஒலிபெருக்கி’ என்றால் நம்மவர்க்கு ஒலி வெளிவரும் பெட்டியே நினைவுக்கு வரும். அப்பெட்டிக்கு முன்னால் நின்று, மெலிந்த மின்குறியை வலிமையாக்கித் தரும் கருவியை இங்கு ‘மிகைப்பி’ என்றே குறிப்பிடுகிறேன். ‘டிரான்சிஸ்டர்’ என்பதும் நம் வீடுகளில் கையடக்க வானொலிக்கே பெயராகிவிட்டது. உண்மையில் அது அவ்வானொலிக்குள் இருக்கும் சிறு உறுப்பின் பெயர்.

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு கம்பி சூடேற வேண்டும். அச்சூட்டில் வெளிப்படும் எலக்ட்ரான்களைத் தகடு ஒன்று ஈர்க்க வேண்டும். இடையே இருக்கும் வலைக்கம்பி அவ்வோட்டத்தைக் கூட்டிக் குறைப்பதால் சிறு குறி பெருங்குறியாகிறது. மூன்று உறுப்புகள் கொண்ட இவ்வமைப்பை அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் உருவாக்கினார். தகட்டுக்கு இருநூறு வோல்ட்டும் அதற்கு மேலும் தேவைப்படும். வீட்டில் இது தொல்லையில்லை. அக்கால மகிழுந்தின் மின்கலமோ வெறும் 6 வோல்ட்!

1930-இல் சிகாகோவைச் சேர்ந்த பால் கால்வின் தம் ஸ்டுடிபேக்கர் மகிழுந்தில் ஒரு வானொலியைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த வானொலி உற்பத்தியாளர் மாநாட்டிற்கு ஓட்டிச் சென்றார். மாநாட்டு வாயிலருகே வண்டியை நிறுத்தி ஒலியைக் கூட்டி வைத்தே ஆணைகளைத் திரட்டினார். அக்கருவிக்கு அவர் சூட்டிய பெயர் மோட்டோரோலா. அதன் விலை ஏறத்தாழ 110 முதல் 130 டாலர். ஒரு புதிய ஃபோர்டு வண்டியே 540 டாலருக்குக் கிடைத்த காலம் அது. தொடக்ககாலக் கருவிகளுக்கு வேண்டிய உயர் அழுத்தத்திற்காகத் தனி உலர்மின்கலங்களை வண்டியின் தரைக்கு அடியில் அடுக்க வேண்டியிருந்தது. அவை தீர்ந்தால் மீண்டும் வாங்க வேண்டும்.

சில ஆண்டுகளில் ‘வைப்ரேட்டர்’ என்னும் அதிர்வி வந்தது. ஒரு மெல்லிய உலோக நாக்கு நொடிக்கு நூறு முறைக்கு மேல் துடித்து, மின்கலத்தின் ஒருதிசை மின்னோட்டத்தை வெட்டி வெட்டி அனுப்பும். மின்மாற்றி அதனை உயர் அழுத்தமாக்கும். நாக்கின் தொடுமுனைகள் தேய்ந்து போகும்; கருவியில் ஓயாத ரீங்காரம் கேட்கும்; ஆறேழு ஆம்பியர் மின்னோட்டம் செலவாகும். இத்தனைக்கும் கிடைப்பது சில வாட் ஒலி. அதுவும் ஒரே பெட்டியில். இன்று நாம் ஏங்கும் ‘வால்வின் இனிமை’ அன்றைய ஓட்டுநரின் காதுக்கு எந்த நிலையில் எட்டியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1955-இல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் இணைந்து முழுமையான டிரான்சிஸ்டர் மகிழுந்து வானொலியை அறிவித்தன. 1956 மாதிரி வண்டிகளில் அதற்குக் கூடுதல் விலை 150 டாலர். மலிவு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. சூடேறக் காத்திருக்க வேண்டாம், அதிர்வி வேண்டாம், மின்கலம் வற்றாது என்பவையே அதன் தகுதிகள்.

எனினும் அவ்வளவு விலை எல்லாராலும் தர இயலவில்லை. அதனால் தோன்றிய கலப்பு வானொலிதான் என்னை மிகவும் வியக்க வைத்தது. 1950-களின் நடுவில் அமெரிக்க வண்டிகள் 12 வோல்ட்டுக்கு மாறியபோது, அந்த 12 வோல்ட்டிலேயே இயங்கும் தனிவகை வால்வுகளைச் செய்தார்கள். அவை அலையைப் பிடித்துத் தரும். ஒலிப்பெட்டியை இயக்கும் இறுதி வேலையை மட்டும் ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் செய்யும். வால்வு தன் இனிமையைக் காட்டும் இடம் என்று இன்றைய ரசிகர் போற்றும் அந்தக் கடைசிப் படியைத்தான் டிரான்சிஸ்டர் முதலில் கைப்பற்றியது. ஏனெனில் மின்சாரத்தை மிகுதியாக விழுங்கியது அந்தப் படியே. 1960-களின் தொடக்கத்தில் மற்ற வால்வுகளும் விடைபெற்றன.

டிரான்சிஸ்டருக்கும் மின்கலம் ஓர் எல்லை வகுத்தது. வண்டி ஓடும்போது கிடைக்கும் 14 வோல்ட்டை அப்படியே பயன்படுத்தினால், 4 ஓம் ஒலிப்பெட்டிக்குக் கணக்குப்படி ஏறத்தாழ 6 வாட். இரு மிகைப்பிகளை எதிரெதிராக இணைத்தால் 24 வாட். அதற்கு மேல் வேண்டுமெனில் அழுத்தத்தை உயர்த்தத்தான் வேண்டும். ஆகவே இன்றைய பெரிய மகிழுந்து மிகைப்பிகளுக்குள் அழுத்தம் உயர்த்தும் மின்சுற்று ஒன்று இருக்கிறது. பழைய அதிர்வியின் வேலையை இப்போது டிரான்சிஸ்டர்கள் ஓசையின்றிச் செய்கின்றன.

அப்படியானால் ஓசையில் வேறுபாடே இல்லையா? உண்டு, ஆனால் எங்கே என்பதுதான் கேள்வி. 1973-இல் ரஸ்ஸல் ஹாம் என்பவர் ஒலிப்பொறியியல் கழகத்தின் இதழில் இதையே ஆராய்ந்து எழுதினார். ஒலிப்பதிவுக் கூடங்களின் முன்மிகைப்பிகளை அவர் எடுத்துக்கொண்டார். தாங்கும் அளவுக்குள் இயங்கும்வரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. அளவு மீறும்போது வால்வு மெல்லச் சிதைகிறது, டிரான்சிஸ்டர் வெட்டுப்பட்டாற்போல் சிதைகிறது. வால்வு மிகைப்பி ஒலிப்பெட்டியின் இயல்புக்கேற்பத் தன் ஓசையைச் சற்று மாற்றிக்கொள்ளும் என்பதும் உண்மையே. நெடுஞ்சாலையில் 60, 70 டெசிபல் இரைச்சலுக்கு நடுவே இந்த நுட்பங்களில் எத்தனை தப்பிப் பிழைக்கும் என்பது என் ஐயம். இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டி, சிறிய மிகைப்பியை அளவுமீறச் செய்யும்போது வேறுபாடு தெரியும். அதற்கு மருந்து சற்றுப் பெரிய டிரான்சிஸ்டர் மிகைப்பி. அதற்காக வால்வைத் தேடிப் போக வேண்டியதில்லை.

1985-இல் பாப் கார்வர் என்னும் வடிவமைப்பாளர், தம் டிரான்சிஸ்டர் மிகைப்பியைத் திருத்தி, விலையுயர்ந்த ஒரு வால்வு மிகைப்பியைப் போலவே ஒலிக்கச் செய்தார். அவருக்குச் சவாலிட்ட ‘ஸ்டீரியோஃபைல்’ இதழின் செவிகள் வேறுபாடு காணவில்லை. ரிச்சர்ட் கிளார்க் என்ற மகிழுந்து ஒலி வல்லுநரோ, மறைத்து வைத்த இரு மிகைப்பிகளைப் பிழையின்றி அடையாளம் காண்போருக்கு 10,000 டாலர் என்று பல்லாண்டுகள் அறைகூவல் விடுத்தார். ஒலியளவும் தொனியும் சமமாக்கப்பட வேண்டும். அளவுமீறக் கூடாது என்பவை விதிகள். எவரும் பரிசு பெறவில்லை. தொனியைச் சமமாக்கினால் வால்வின் சுவையையே பறித்துவிடுகிறீர்கள் என்று வால்வு ரசிகர்கள் வாதிடுவர். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் தொனியைத் திருத்தினாலே அச்சுவை கிடைக்கும் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாகவும் ஆகிறது.

இதைப் படித்தபோது என் கட்டுரைத் தாள்கள் நினைவுக்கு வந்தன. பெயரைப் பார்த்துக்கொண்டே திருத்திப் பழகியவன் நான். இம்முறை பெயர்ப்பகுதியை மடித்து வைத்துத் திருத்தினேன். முடித்து விரித்துப் பார்த்தபோது, எப்போதும் முதல் வரிசையில் வைக்கும் இரு மாணவர்கள் கீழிறங்கியிருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி மேலேறியிருந்தாள். அவள் வேறு யாருமல்லள், அந்தக் கடைக்காரரின் மகளே.

மகள் மதிப்பெண்ணைச் சொல்லச் சென்றபோது, அவர் ஒரு வாடிக்கையாளரின் வண்டியில் வால்வு மிகைப்பியைப் பொருத்திக்கொண்டிருந்தார். முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு சிறு வால்வுகள் செம்மஞ்சளாய் ஒளிர்ந்தன. உள்ளே ஒலிப்பெட்டியை இயக்குவது டிரான்சிஸ்டர்தான் என்றார். அதே 1950-களின் கலப்பு அடுக்கு! அன்று சிக்கனத்திற்காக, இன்று அழகுக்காக. “இராத்திரி ஓட்டும்போது அந்த வெளிச்சம் பிடிச்சிருக்காம் ஐயா” என்று சொல்லிவிட்டு, திருகாணியை முறுக்கத் தொடங்கினார்.